ரீச்சரிடம் கேளுங்கள்: நெகட்டிவையும் தந்துவிடு, அக்கா

வெளிநாட்டில் படிக்கும் சீன மாணவர்களைப் பற்றி இந்த முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எங்கள் பிள்ளைகளும் அவர்களும் இப்போது ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருக்கிறார்கள். அதனால் வந்த கேள்விகள் இவை. மற்ற விடயங்கள் பற்றிய கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகன் மெல்பேர்ணில் படிக்கிறான். அவன் இருக்கும் வீட்டில் ஒரு சீனப் பிள்ளையும் இருக்கிறது. ஜூன் 4ஆம் திகதி நடந்த மெழுகுதிரி அஞ்சலிக்கு அந்தப் பிள்ளை போனதாம். மகன் அதைப் படம் எடுத்து, பாராட்டி, பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். அன்றிரவே அந்தப் பிள்ளை வந்து கத்தி அழுதிருக்கிறது. இப்போது இரண்டு பேரும் கதைப்பதில்லை. நல்ல எண்ணத்தில் போட்ட படத்துக்கு ஏன் இந்தக் கோபம்?
- ஒரு தாய், உவர்மலை

பதில்: அம்மா, முதலில் மகனுக்குப் போன் எடுத்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்கள். பேஸ்புக்கில் அழித்தால் மட்டும் போதாது. வட்ஸ்அப்பில் யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்களிடமும் கேட்டு அழிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

1989இல் நான் கன்பராவில் இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு வருடப் புலமைப்பரிசில் கிடைத்துப் போயிருந்தேன். விடுதியில் பக்கத்து அறையில் நான்ஜிங் நகரத்துப் பிள்ளை ஒருத்தி, என்னைவிட ஆறு வயது இளையவள். நான் சோறு வடிக்கும்போது அவள் நூடில்ஸ் அவிப்பாள். தேங்காய்ச் சம்பல் அவளுக்குப் பிடித்துப்போனது. என்னை 'அக்கா' என்று கூப்பிடப் பழகியிருந்தாள்.

அந்த வருடம் ஏப்ரல் 15இல், சீர்திருத்தம் பேசியதால் பதவி இழந்திருந்த முன்னாள் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹூ யாவோபாங் இறந்தார். பெய்ஜிங் மாணவர்கள் அஞ்சலிக்காகத் தியனன்மென் சதுக்கத்தில் கூடினார்கள். அஞ்சலி போராட்டமாக வளர்ந்தது. மே 20இல் இராணுவச் சட்டம் வந்தது. ஜூன் 3 இரவும் 4 அதிகாலையும் படை நகரத்துக்குள் சுட்டுக்கொண்டு நுழைந்தது. 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. விடுதித் தொலைக்காட்சிக்கு முன்னால் சீனப் பிள்ளைகள் எல்லோரும் குந்தியிருந்தார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை.

அவளுடைய வீட்டில் தொலைபேசி கிடையாது. தாய் வேலை செய்த தொழிற்சாலையில் ஒன்று இருந்தது. நடைபாதையில் இருந்த தொலைபேசிக்கு முன்னால் குற்றிக்காசுகளை அடுக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் முயற்சி செய்தாள். மூன்றாம் நாள் இணைப்புக் கிடைத்தது. இரண்டு நிமிடம்கூடக் கதைத்திருக்க மாட்டாள். வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "இங்கே எல்லாம் நல்லம், கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகாதே, படி என்று அம்மா சொல்கிறார். அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அக்கா."

அதற்குப் பிறகும் அவள் ஊர்வலத்துக்குப் போனாள். என்னுடைய கம்பளிச் சால்வையை வாங்கி முகத்தைச் சுற்றிக்கொண்டாள். நானும் கூடவே போனேன். கையில் கமரா இருந்தது. தூதரகத்துக்கு முன்னால் காற்று அடித்துச் சால்வை நழுவியபோது ஒரு படம் எடுத்தேன். அவள் அழுதுகொண்டு நின்ற படம். நல்ல படம் என்று எனக்குப் பெருமை.

பத்து நாள் கழித்து, கழுவிய படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வெளிறிப்போனாள். "இதையும் தா, நெகட்டிவையும் தந்துவிடு, அக்கா" என்றாள். நெகட்டிவ் சுருளிலிருந்து அந்த ஒரு துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன். குசினித் தொட்டிக்குள் வைத்துக் கொளுத்தினாள். அது சுருண்டு கறுத்து உருகியது. அந்த நாற்றம் இரண்டு நாள் குசினியில் நின்றது.

உங்கள் மகன் எடுத்தது என் படம் போன்ற படம்தான். சீனாவுக்குள் அந்த நாளைப் பகிரங்கமாக நினைவுகூர முடியாது. ஹொங்கொங் விக்டோரியா பூங்காவில் முப்பது வருடம் நடந்த அஞ்சலிக்கும் 2020இல் தடை போட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் திரி ஏற்றலாம், ஆனால் அந்த வெளிச்சத்தில் முகம் தெரிந்தால் விசாரிக்கப்படுவது ஊரில் இருக்கிற தாய். சர்வதேச மன்னிப்புச் சபை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் படிக்கும் சீன, ஹொங்கொங் மாணவர்கள் 32 பேரிடம் பேசி 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் வீட்டாரிடம் அதிகாரிகள் போய்த் தொல்லை கொடுத்ததாகக் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கினர் சொல்லியிருக்கிறார்கள். வேலை போகும், பதவி உயர்வு நிற்கும், ஓய்வூதியம் போகும், கடவுச்சீட்டு போகும் என்பது மாதிரியான மிரட்டல்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: படத்தை அழித்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்கட்டும். விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு ஏதாவது சமைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சீன மாணவர் சங்கம் என்று எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று இருக்கிறதாமே. அது தூதரகத்தின் ஒற்றர் கூட்டம் என்று அண்ணா கனடாவிலிருந்து சொல்கிறார். உண்மையா?
- ஒரு வாசகி, நிலாவெளி

பதில்: அண்ணா சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் 'ஒற்றர் கூட்டம்' என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்.

சீன மாணவர் மற்றும் அறிஞர் சங்கம் என்பது அதன் பெயர். புதிதாக வரும் பிள்ளையை விமான நிலையத்தில் போய்க் கூட்டி வருவது, அறை தேடிக் கொடுப்பது, சீனப் புத்தாண்டுக்குக் கலைவிழா வைப்பது எல்லாம் அவர்கள்தான். பதினெட்டு வயதில் மொழி தெரியாத ஊரில் இறங்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கனடாவிலும் லண்டனிலும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் அதே வேலையைத்தானே செய்கின்றன? வேறுபாடு இதுதான். எங்கள் சங்கங்கள் அங்கத்தவர் சந்தாவில் ஓடுகின்றன. அவர்களுடைய பல கிளைகள் தூதரகத்தின் கல்விப் பிரிவோடு தொடர்பு வைத்திருக்கின்றன, பணமும் அங்கிருந்து வருகிறது. சில கிளைகள் அதைத் தங்கள் அறிமுகத்திலேயே எழுதியிருந்தன. சாதாரண நாளில் அந்தத் தொடர்பு ஒரு விழாச் செலவாக மட்டும் தெரியும். ஊரில் குழப்பம் வந்தால், அதே வழியாக 'இந்தக் கூட்டத்துக்கு வா, அந்தக் கூட்டத்துக்குப் போகாதே' என்ற செய்தியும் வரும்.

2019இல் இது நன்றாக வெளியே தெரிந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சீனாவின் மேற்கே வாழும் முஸ்லிம் இனமான உய்குர் மக்களைப் பற்றி ஒரு பெண் பேச வந்தார். சில சீன மாணவர்கள் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சீன அதிகாரிகளுக்கு அறிவித்தார்கள். செப்ரெம்பரில் அங்கிருந்த மாணவர் ஒன்றியம், சீனச் சங்கத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. இடையில் ஜூலை 24ஆம் திகதி பிரிஸ்பேனில், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஹொங்கொங் போராட்டத்தை ஆதரித்து நின்ற மாணவர்களுக்கும் எதிர்த்து வந்தவர்களுக்கும் கைகலப்பு. அந்நகரத்துச் சீனத் துணைத் தூதரகம், எதிர்த்து வந்தவர்கள் தாமாகவே காட்டிய தேசபக்தி என்று புகழ்ந்து அறிக்கை விட்டது. பேச்சுச் சுதந்திரத்தைக் குலைக்கும் வேலையை வெளிநாட்டு இராஜதந்திரிகள் ஊக்குவிக்கக் கூடாது என்று அவுஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் மரிஸ் பெய்ன் எச்சரித்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளை. கொடி பிடித்து வந்த எல்லாப் பிள்ளையையும் யாரோ அனுப்பினார்கள் என்று நினைப்பது தவறு. தன் நாட்டைப் பிறத்தியார் பழிக்கும்போது மனம் சுடுவது யாருக்கும் உள்ளதுதான். இந்தச் சந்தேகத்தால் ஒன்றும் அறியாத பிள்ளைகளும் அடிபடுகிறார்கள். சீன இராணுவத்தோடு தொடர்புள்ள நிறுவனங்களில் படித்தவர்கள் மேற்படிப்புக்கு வர முடியாது என்று 2020 மே மாதம் அமெரிக்கா ஒரு பிரகடனம் வெளியிட்டது. விண்ணப்பித்த பிள்ளைக்கு ஆயுதத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், படித்த இடத்தின் பெயரைப் பார்த்தே வீசா மறுக்கலாம். ஊர் அரசு ஒரு பக்கம், போன நாட்டு அரசு மறுபக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: எங்கள் வளாகத்தில் போராட்டம் என்றால் முகத்தைக் காட்டித்தான் நிற்போம். வெளிநாட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டே முகமூடி போட்டு, வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்து நிற்கிறார்களே, அது என்ன போராட்டம்?
- ஒரு மாணவன், கோணேசபுரி

பதில்: தம்பி, அந்த வெள்ளைத் தாளின் கதை தெரிந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். 2022 நவம்பர் 24இல் சீனாவின் மேற்கில் உள்ள உரும்கி நகரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். கொரோனாக் கட்டுப்பாடு இருந்ததால்தான் அவர்களால் தப்ப முடியவில்லை, தீயணைப்பும் சுணங்கியது என்று மக்கள் கொதித்தார்கள். ஷாங்ஹாய், பெய்ஜிங் என்று நகரம் நகரமாக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எதை எழுதினாலும் பிடிப்பார்கள் என்பதால் ஒன்றும் எழுதாத ஏ-4 தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பிள்ளைகள் அதே தாளோடு நின்றார்கள். டிசெம்பர் 7ஆம் திகதி அரசு அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியைத் தளர்த்தியது.

பாதுகாப்பு என்கிறீர்கள். அங்கே உள்ள சட்டம் அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கும். நான்ஜிங்கில் இருக்கும் தாயை எது பாதுகாக்கும்?

எங்கள் திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நீங்கள் அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள், அல்லது பிறந்தே இருக்க மாட்டீர்கள். பிள்ளையை இழந்த பிறகும் நீதி கேட்ட குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது, நாட்டை விட்டே போனார்கள். அந்தப் பக்கம் மாலையில் நடக்கப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் பயம் எப்படி இரண்டு பக்கமும் ஓடும் என்று இந்த ஊரில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாங்களே முகமூடி போட்டவனைக் கோழை என்று சொல்லலாமா? உங்களுக்கு முகம் காட்டி நிற்க முடிகிறது, அது நல்லது. அதை வைத்து மற்றவனை அளக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் மாணவரை அரசாங்கம் பின்தொடர்வது கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு தொடங்கியதா?
- ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சீனக்குடா

பதில்: இல்லை ஐயா, அதற்கு மிக முந்தியது. நான் வரலாறு படிப்பித்தவள், இந்தக் கேள்வி கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்.

1872இல் சிங் மன்னராட்சி சிறுவர்களை அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. நாலு தொகுதியாக 120 பேர். பதினைந்து வருடம் படித்துவிட்டு வருவதாகத்தான் திட்டம். பையன்கள் பேஸ்போல் விளையாடினார்கள், சிலர் மன்னராட்சி கட்டாயமாக்கியிருந்த தலைப்பின்னலை வெட்டினார்கள், சிலர் தேவாலயத்துக்குப் போனார்கள். இவர்கள் சீனராகத் திரும்ப மாட்டார்கள் என்று மேற்பார்வைக்குப் போன அதிகாரி ஊருக்கு எழுதினார். 1881இல் எல்லோரையும் திருப்பி அழைத்துவிட்டார்கள். பெரும்பாலானோர் படிப்பை முடிக்கவே இல்லை.

பிறகு ஜப்பான். 1905 அளவில் அங்கே ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் இருந்தார்கள். அந்த வருடம் ஓகஸ்ட் 20இல் தோக்கியோவில்தான் சன் யாட் சென் தலைமையில், மன்னராட்சியைக் கவிழ்க்கப் புரட்சிச் சங்கம் அமைந்தது. நவம்பரில் ஜப்பானியக் கல்வி அமைச்சு சீன மாணவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள். சென் தியன்ஹுவா என்ற மாணவர் டிசெம்பர் 8இல் கடலில் இறங்கி உயிரை விட்டார். நூற்றுக்கணக்கானோர் கோபித்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். சியூ ஜின் என்ற பெண்ணும் அப்படித் திரும்பியவர்தான். 1907 ஜூலையில் அவரைச் சொந்த ஊரில் தலை வெட்டிக் கொன்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1919. முதல் உலகப் போர் முடிந்து, சீனாவின் ஷாண்டொங் மாகாணத்தில் ஜேர்மனிக்கு இருந்த உரிமைகளை ஜப்பானுக்குக் கொடுக்கப் பாரிசில் தீர்மானித்தார்கள். ஜூன் 28 அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள். அங்கிருந்த சீன மாணவர்களும் தொழிலாளர்களும் சீனத் தூதுக்குழுத் தலைவர் லூ செங்சியாங் தங்கியிருந்த இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். அவர்களில் செங் யூசியூ என்ற மாணவி ரோஜாச் செடியின் கொம்பு ஒன்றை உடைத்துச் சட்டைக் கைக்குள் வைத்துத் துப்பாக்கி போலக் காட்டியதாகத் தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். சீனா கையெழுத்துப் போடவில்லை. இவ்வளவையும் பார்த்த எந்த அரசும் வெளிநாட்டு மாணவரைக் கவனிக்காமல் விடாது, ஐயா.

கேள்வி: 1989இல் அவுஸ்திரேலியப் பிரதமர் அழுததாகச் சொல்கிறார்கள். அந்தக் கண்ணீரால் சீன மாணவருக்கு ஏதும் கிடைத்ததா?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: கிடைத்தது. அந்தக் கண்ணீரை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜூன் 9ஆம் திகதி, கன்பரா நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். பெய்ஜிங்கில் நடந்ததைப் பற்றி வந்த குறிப்பை வாசிக்கும்போது பிரதமர் பொப் ஹோக்கின் குரல் உடைந்தது. சீன மாணவர்களை விருப்பத்துக்கு மாறாக அனுப்ப மாட்டோம் என்று உறுதி கொடுத்தார். முதலில் தற்காலிக அனுமதிதான். ஆனால் 1993இல் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. குடும்பங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 42,000 பேர்.

அமெரிக்காவில் கதை இன்னும் சுற்றியது. அங்கே மாணவர்கள் 1989 கோடையில் சிக்காகோவில் கூடித் தூதரகத்தோடு சம்பந்தமில்லாத சுதந்திரக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். சீன மாணவரைத் திருப்பி அனுப்பாமல் காக்கக் கீழ்ச்சபை உறுப்பினர் நான்சி பெலோசி கொண்டுவந்த மசோதாவை ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நவம்பர் 30இல் நிராகரித்தார். நிர்வாக ஆணையால் தானே செய்து தருகிறேன் என்றார். மாணவர்கள் விடவில்லை. ஒவ்வொரு உறுப்பினரின் வாசலிலும் போய் நின்றார்கள். 1990 ஜனவரியில் கீழ்ச்சபை 390க்கு 25 என்று அவருடைய நிராகரிப்பைத் தூக்கி எறிந்தது. அடுத்த நாள் செனற்றில் 62க்கு 37. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நாலு வாக்குக் குறைவு, தோல்வி. ஆனாலும் புஷ் சொன்னபடி ஏப்ரல் 11இல் ஆணையில் ஒப்பமிட்டார். 1992 ஒக்ரோபரில் அது சட்டமாகவே வந்தது. அதன் கீழ் 54,000 பேர் அளவில் நிரந்தர வதிவிடம் பெற்றார்கள்.

அதே 1992இன் தொடக்கத்தில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் தென்சீனப் பயணத்தில், வெளிநாடு போனவர்கள் முன்பு என்ன அரசியல் நிலைப்பாடு வைத்திருந்தாலும் திரும்பி வரலாம் என்றார். படித்த பிள்ளைகள் அவருக்கும் தேவைப்பட்டார்கள்.

ஹோக் அழுத இரவு பக்கத்து அறைப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. நீண்ட நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு, "இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இனி நான் போக முடியாது போல" என்றாள். வெளியில் இருந்து பார்த்த எங்களுக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. அவளுக்கு அந்த வார்த்தையோடு நான்ஜிங் வீட்டுக் கதவு அடைபட்டது.

நான் அந்த வருட முடிவில் ஊருக்குத் திரும்பினேன். 1990 ஜூனில் இங்கே சண்டை மூண்டது. வீடு போனது, அவளுடைய விலாசம் எழுதிய கொப்பியும் போனது. 1994இல் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு அவளிடமிருந்து கடிதம் வந்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்து, ஐந்து வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்க்கப் போய்வந்திருந்தாள். தொழிற்சாலைத் தொலைபேசியில் பக்கத்தில் மூச்சு விட்ட ஆளைப் பற்றித் தாய் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லையாம். உறைக்குள் ஒரு படம் இருந்தது. தாயும் மகளும், முகம் நன்றாகத் தெரிகிற படம்.

இந்தப் பக்கத்தில் அதைப் போடலாமே என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அவளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அது என் மேசைக்குள்தான் இருக்கும்.